பச்சை விளக்கு எரியும் வீடுகள்

பவளத்தின் நுனிகள் வெளுத்திருந்தன. தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டில் ஒன்று பொய். ஜெசிந்தா மச்சாது வாயில் பிரஷ்ஷோடு தொட்டியின் முன்னால் குனிந்து நின்றாள்.

"வெப்பம் எவ்வளவு?" என்று நுரையோடு கேட்டாள்.

"எல்லாம் நன்றாக இருக்கிறது அம்மா. இருபத்தாறு புள்ளி நான்கு" என்றது பெட்டி. யாரோ தேன் தடவிக் கொடுத்த பெண் குரல் அதற்கு. "நீங்கள் நன்றாகத் தூங்கினீர்களா?"

அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டாள். தண்ணீர் கையைக் குளிர்விக்கவே இல்லை. உப்பளக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில்தான் அவளுக்கு வேலை. பையில் எப்போதும் ஒரு கண்ணாடி வெப்பமானி கிடக்கும். எடுத்து வந்து முக்கினாள். பாதரசம் இருபத்தொன்பதைத் தாண்டி நின்றது.

"இன்னொரு தடவை சொல்லு."

"இருபத்தாறு புள்ளி நான்கு. எல்லாம் நன்றாக இருக்கிறது."

"பொய் சொல்லுத."

"காபி குடித்தீர்களா அம்மா?"

கூடத்து சோபாவில் படுத்திருந்த லிகோரி புரண்டான். துறைமுகத்தின் இழுவைப் படகில் என்ஜின் பார்ப்பவன். ஒரு வாரமாகப் படுக்கையறையில் புழுக்கமாக இருக்கிறது என்று கூடத்தில்தான் படுத்துக்கொள்கிறான். "காலங்காத்தால அதுகிட்ட போயி என்ன சண்டை, ஜெசி? பெட்டிதானே" என்றான்.

ஜெசிந்தாவுக்குக் கோபம் ஏறிக்கொண்டிருந்தது.

தூத்துக்குடிக்கு எதிரே தீவுகளைச் சுற்றியிருந்த பவளத் திட்டுகளான பார்கள் தொடர்ந்து வந்த கொடும் கோடைகளில் சுண்ணாம்பாக வெளுத்து, பாசி படர்ந்து செத்துப்போனபின் வந்ததுதான் இந்த வளர்ப்பு வீடு திட்டம். கடைசியாகப் பிழைத்திருந்த துண்டுகளை எடுத்து, கடல் நிலையத்துக்காரர்கள் ஊர் முழுக்க வீடுகளில் கொடுத்து வைத்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு தொட்டி, ஒரு பவளம், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு பெட்டி. வெப்பம், உப்பு, நீரோட்டம், வெயில், நிலா எல்லாம் பெட்டியின் கையில். பவளம் பௌர்ணமி கழிந்த சில நாளில், இருட்டியபின் முட்டையிடும். நள்ளிரவில் கொண்டுவரும் முட்டையை வாங்க நிலையத்தில் ஆள் இல்லை என்பதால் தொட்டிகளுக்கு ராவையும் பகலையும் மாற்றிவிட்டார்கள். மனிதர்களுக்குப் பகல் பதினோரு மணி ஆனதும் தொட்டிக்கு ராத்திரி தொடங்கிவிடும். அலுவலக நேரத்தில் முட்டையிடும் கடலை உலகத்தில் முதலில் செய்தது நாம்தான் என்று ஜெசிந்தா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். யாரும் சிரிக்கமாட்டார்கள். அவள் சிரிப்புக்காகச் சொல்கிறாளா கோபத்தில் சொல்கிறாளா என்று அவர்களுக்குத் தெரியாது.

அவள் வீட்டில் இருப்பது மான்கொம்புப் பவளத்தில் ஒரு வகை. அந்த வகை ஊரிலேயே இரண்டு வீட்டில்தான் மிஞ்சியிருந்தது. ஒன்று இங்கே. இன்னொன்று தேரடிப் பக்கம் சண்முகவடிவு வீட்டில். ஒரு பவளம் தன் முட்டையைத் தானே சினைப்படுத்திக்கொள்ளாது, இன்னொன்று வேண்டும். இந்தப் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி இரண்டு வீட்டிலும் முட்டை வந்தால் அந்த வகை பிழைக்கும். வராவிட்டால், வயதாகிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு துண்டுகளோடு அது முடியும்.

ஒரே ஒரு பாதுகாப்பு உண்டு. முதல் வருஷமே ஒவ்வொரு பவளத்தின் விந்தணுவையும் எடுத்து நிலையத்தில் குழாய்களில் உறையவைத்திருக்கிறார்கள். ஒரு பவளம் செத்தால் அதன் குழாயைத் திறக்கலாம். ஆனால் செத்துவிட்டது என்று அந்த வீட்டுக் காப்பாளர் தன் வாயால் பெட்டியிடம் உறுதி சொல்ல வேண்டும். இதுவரை ஒரு குழாய்கூடத் திறக்கப்படவில்லை. நிலையத்து இயக்குநர் அதைப் பெருமையாகப் பேட்டிகளில் சொல்லிக்கொள்வார்.

ஜெசிந்தா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வெப்ப சென்சாரைத் தொட்டியிலிருந்து எடுத்தாள். நுனியில் உப்பு பூத்திருந்தது. வினிகரில் ஊறவைத்துத் துடைத்து, டம்ளரில் ஐஸ் போட்டு அதற்குள் விட்டாள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

"இருபத்தாறு புள்ளி நான்கு" என்றது பெட்டி.

"சென்சார் செத்துட்டு" என்றான் லிகோரி. எழுந்து வந்து பின்னால் நின்றிருந்தான். "நான் அப்பவே நெனச்சேன்."

"எப்பவே?"

"இப்பதான்."

மேஜை இழுப்பறையில் புது சென்சார் ஒன்று உறை பிரிக்காமல் இருந்தது. அதை மாட்டினாள். ஐஸுக்குள்ளும் இருபத்தாறு புள்ளி நான்கு. கொதித்த டீத்தண்ணீருக்குள்ளும் இருபத்தாறு புள்ளி நான்கு. அவள் பையிலிருந்த சோதனைக்கூட மீட்டரில் இரண்டு சென்சாரையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தாள். இரண்டும் உள்ளபடி காட்டின. புதியதைத் தொட்டிக்குள் மாட்டினாள். அப்படியானால் கோளாறு சென்சாரில் இல்லை. தொட்டிக்குக் கீழே அலமாரியைத் திறந்து, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் மேல் கை வைத்தாள். அது அதிரவில்லை. தகரம் வெதுவெதுவென்று கிடந்தது.

"சில்லர் ஓடுதா?"

"ஓடுகிறது அம்மா. கவலைப்படாதீர்கள்."

ஜெசிந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு எந்திரம் கெட்டுப்போவது அவளுக்குப் புதிதல்ல. கெட்ட எந்திரம் திக்கும், தப்பாகக் காட்டும், நின்றுபோகும். இது திக்கவில்லை. தெளிவாக, அன்பாக, பார்த்துப் பார்த்துப் பேசுகிறது. இந்தக் குரலை இந்த வீட்டில் எங்கோ கேட்டிருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது. யாருடையது என்றுதான் பிடிபடவில்லை.

பெட்டி செய்த கம்பெனியின் சேவை மையம் கோவையில் இருந்தது. போனை எடுத்தவள் தன் பெயர் பூங்கோதை என்றாள். ஜெசிந்தா சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு ஏதோ தட்டிப் பார்த்தாள்.

"உங்க பெட்டியில கோளாறு ஒண்ணும் இல்லீங்க மேடம்."

"ஐஸுக்குள்ள விட்டா இருபத்தாறுங்குது. கோளாறு இல்லையா?"

"அது சொல்ற அளவுங்க. உள்ளாற வெச்சிருக்கற அளவு வேற. உள்ளாற சரியாத்தான் இருக்குதுங்க. இருபத்தொன்பது புள்ளி மூணு."

"ரெண்டு அளவு எதுக்கு?"

பூங்கோதை கொஞ்சம் தயங்கினாள். "முன்னாடி வந்த பெட்டிங்க எதுக்கெடுத்தாலும் கத்துமுங்க. ஜனங்க பொறுக்கமாட்டாம பிளக்கைப் பிடுங்கிப் போட்டுட்டாங்க. மத்த ஊர்ங்கள்ல நெறையப் பவளம் செத்ததே அப்படித்தானுங்க. அதனால, எப்படிச் சொன்னா பிளக்கைப் பிடுங்கமாட்டாங்களோ அப்படிச் சொல்லக் கத்துக்கற மாதிரி பண்ணினாங்க. ஒவ்வொரு வூட்டுக்கும் ஒரு சுபாவம் இருக்குதல்லங்க? சில வூட்ல கத்தினாத்தான் ஓடி வருவாங்க. சில வூட்ல…"

"எங்க வீட்டுல?"

"உங்க வூட்ல ஒவ்வொரு தடவை மணி அடிச்சப்பவும் உடனே அமத்தியிருக்காங்க. நல்லாருக்குதுன்னு சொன்னா மட்டும் 'நன்றி' பொத்தானை அமுத்தியிருக்காங்க. அது பொய் சொல்லலீங்க மேடம். உங்க வூட்டுக்கு ஏத்த மாதிரி சொல்லுது."

"எங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி டிகிரி மாறுமா, தாயி?"

பூங்கோதை குரலைத் தணித்துக்கொண்டு, "எங்க மேனேஜர்கிட்ட நான் சொல்லிப் பாத்துட்டனுங்க. அவருக்கும் பச்சையா இருக்கற ஸ்கிரீன்தான் வேணும். சில்லர் நின்னதுக்கப்புறம் அந்தப் பெட்டி தன்னால ஆனதெல்லாம் செஞ்சிருக்குதுங்க. லைட்டைக் குறைச்சிருக்கு, பம்ப்பைக் கூட்டியிருக்கு. சொல்லாம செஞ்சிருக்கு. நீங்க ஒண்ணு பண்ணுங்க. 'உள்ளதைச் சொல்'லுன்னு கேளுங்க. அந்தக் கேள்விக்கு அது மாத்திச் சொல்லாது. யாரும் அப்படிக் கேக்கறதில்லீங்க. எல்லாரும் 'எல்லாம் சரிதானே'ன்னுதான் கேக்கறாங்க" என்றாள்.

ஜெசிந்தா போனை வைத்தாள். தொட்டியின் பின்பக்கச் சுவருக்கும் சோபாவுக்கும் நடுவில் ஒரு மேஜை விசிறி இருந்தது. ஒரு வாரமாக அது அங்கேதான் சுற்றுகிறது. அது சோபாவில் படுப்பவன் பக்கம் திரும்பியிருக்கவில்லை. தண்ணீரை ஆற்றுவதற்காகத் தொட்டியின் மேல்பரப்பைப் பார்த்து நின்றது. அதைத் தினமும் தாண்டித்தான் அவள் நடந்திருக்கிறாள்.

"உள்ளதைச் சொல்" என்றாள் பெட்டியிடம், விசிறியைப் பார்த்தபடி.

குரல் மாறவில்லை. அதே தேன். "வெப்பம் இருபத்தொன்பது புள்ளி மூன்று. சில்லர் ஒன்பது நாளாக ஓடவில்லை. எச்சரிக்கை மணி அடித்தேன். வீட்டில் இருந்தவர் அமர்த்தினார். எனக்குச் சொல்லப்பட்டதை ஒலிக்கவா?"

"ஒலி."

லிகோரியின் குரல் வந்தது, ரகசியமாக, கொஞ்சம் செல்லமாக. "ஏய் சும்மா கெட. அவ முழிச்சிரப்போறா. அவளுக்குத் தெரிஞ்சா வீட்டை ரெண்டாக்கிருவா. சனிக்கிழமை நான் சரி பண்ணிருதேன். அதுவரைக்கும் நல்லாருக்குன்னே சொல்லு, என்ன?"

நிஜ லிகோரி அடுக்களை வாசலில் கையில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தான்.

"சனிக்கிழமை போயிட்டு" என்றாள் ஜெசிந்தா.

"பார்ட்ஸ் வரலை, ஜெசி. சென்னையிலேருந்து வரணும்."

"எங்கிட்ட சொன்னா வராதா?"

"சொன்னா மட்டும் வந்துருமா? நீ கத்துவ. ராத்திரி பூரா தூங்கமாட்ட. மறுநாள் கம்பெனியில போயி எவங்கூடயாவது சண்டை போட்டுட்டு வருவ. உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்னுதான்…"

"எனக்கா கஷ்டம்?"

"சரி, எனக்கு. உங்கிட்ட ஒரு கெட்ட சேதி சொல்லணும்னா கடல்ல குதிக்கிற தைரியம் வேணும்ட்டி. நான் தெனமும் கடலுக்குப் போறவன். எனக்கே இல்லை."

அவன் பாதிச் சிரிப்போடுதான் சொன்னான். எப்போதும் அப்படித்தான். அவன் சிரித்தால் அவள் கோபக்காரி ஆகிவிடுவாள். கூடத்தில் ஒரு சிரித்த முகமும் ஒரு கோப முகமும் இருந்தால் பார்க்கிறவர்கள் எந்த முகத்தின் பக்கம் நிற்பார்கள்?

பெட்டியின் குரலை எங்கே கேட்டோம் என்பது இப்போது பிடிபட்டது. எங்கே கேட்கவில்லை என்றுதான் யோசிக்க வேண்டும். மாமியாருக்குக் கட்டி என்று டாக்டர் சொன்னது, ஆபரேஷனுக்கு முந்தின நாள்தான் அவளுக்குத் தெரிந்தது. மகள் ஷெரின் படிப்பை நடுவில் விட்டது, மகள் வேலைக்கே சேர்ந்தபின் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியம்: உனக்குத் தெரிஞ்சா கோபப்படுவ. எல்லாம் முடிந்தபின் தெரிந்துகொண்டால் யாருக்குத்தான் கோபம் வராது? அப்படி வந்த கோபமே அடுத்த தடவை மறைப்பதற்குச் சாக்கு ஆகிவிடும். வட்டம் போட்டு வட்டம் போட்டு, அவள் கோபம்தான் நோய், பொய்தான் மருந்து என்று இந்த வீடு முடிவு கட்டியிருந்தது. பெட்டி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இந்த வீட்டில் எப்படிப் பேசுவார்கள் என்று கவனித்து, அப்படியே பேசியது.

"உங்களை நல்லவர்னு எல்லாரும் சொல்லுவாங்க" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக, தாழ்ந்து வந்தது. "நீங்க நல்லவரா இருக்கறதுக்கு என்னைக் கெட்டவளா வச்சிருக்கணும். அதுக்கு ஒரு பவளத்தைக் கொன்னாலும் பரவாயில்லை."

லிகோரியின் சிரிப்பு நின்றது.

"ஐஸ் வேணும்" என்றாள். "நெறைய. இப்பவே."

அவன் டம்ளரை வைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பிளான்டிலிருந்து கோணிச்சாக்கில் கட்டி ஐஸ் வந்தது. நேராகப் போட்டால் தண்ணீரின் உப்பு இறங்கிவிடும். காலி பாட்டில்களில் உடைத்து அடைத்து மூடி, ஒவ்வொன்றாக மிதக்கவிட்டார்கள். வேகமாக இறக்கினாலும் பவளம் செத்துவிடும். அவள் வெப்பமானியைப் பிடித்துக்கொள்ள, அவன் பாட்டில் மாற்றினான். பெட்டியின் பிளக்கை அவள் பிடுங்கவில்லை. விளக்கையும் பம்ப்பையும் அது பார்த்துக்கொள்ளட்டும். வெப்பத்தை மட்டும் அதன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் பாதரசம் இருபத்தேழுக்கு வந்தது. அடுத்த வாரம் பார்ட்ஸும் வந்தது. லிகோரி சில்லரைப் பிரித்துப் பூட்டி ஓடவிட்டான். நுனிகளில் வெளுப்பு மேலே பரவாமல் நின்றது.

"ஓடுது" என்றான்.

"உள்ளதைச் சொல்" என்றாள் அவள். பெட்டியிடமா தன்னிடமா என்று தெரியாமல் அவன் விழித்தான்.

பௌர்ணமி போன மூன்றாம் நாள் காலையில் ஜெசிந்தா சண்முகவடிவுக்குப் போன் செய்தாள். தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் போனபின் தனியாக இருந்தாள். கடுஞ்சொல் ஒன்று சொல்லியோ கேட்டோ அறியாதவள் என்று ஊரில் பெயர்.

"வடிவக்கா, நம்ம வீட்டுல கெளைக்குள்ள சிவப்பா மொட்டு தெரியுது. இன்னைக்கு வந்துரும். அங்க?"

"எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லுதுல்லா, ஜெசி" என்றாள் சண்முகவடிவு.

போனை வைத்தபின் அந்த 'சொல்லுதுல்லா' ஜெசிந்தாவின் காதிலேயே நின்றது.

மத்தியானம் மூன்று மணி. தொட்டிக்கு இருட்டி நாலு மணி நேரம். ஜன்னல்களில் கறுப்புத் திரை. லிகோரி சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிய டார்ச்சைப் பிடித்திருந்தான். கிளைகளின் நுனிக்குழிகள் ஒவ்வொன்றிலும், கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக, இளஞ்சிவப்பாக ஒரு மணி வந்து உட்கார்ந்தது. வெளுத்த நுனிகளில் இல்லை; அடிக்கிளைகளில் மட்டும். எதற்கோ காத்திருப்பதுபோல அவை அப்படியே இருந்தன. பிறகு ஒன்று விடுபட்டது. மெல்ல மேலே ஏறியது. அடுத்து ஒன்று. பிறகு எல்லாம் ஒன்றாக.

லிகோரி அழுதான். அவள் அழவில்லை. அவளுக்கு அப்போதும் கோபம் இருந்தது. சந்தோஷம் அதற்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது. கண்ணாடிக் குவளையால் அள்ளி அள்ளி வாளியில் சேர்த்தாள். இனி சில மணி நேரம்தான். அதற்குள் அந்தப் பக்கத்து விந்து சேர வேண்டும்.

சண்முகவடிவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"ஸ்கூட்டரை எடுங்க" என்றாள்.

கதவைத் திறந்த சண்முகவடிவு குளித்துப் புதுப்புடவை கட்டியிருந்தாள். கூடத்தில் திரை போட்டு இருட்டாக இருந்தது. இருட்டுக்குள் பச்சை விளக்கு. சாம்பிராணி மணத்துக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. ஜெசிந்தா வாளியைக் கீழே வைத்துவிட்டு, லிகோரியிடமிருந்து டார்ச்சை வாங்கித் தொட்டிக்குள் அடித்தாள்.

கிளைகள் எல்லாம் இருந்தன. அவற்றின் மேல் பழுப்புப் பாசி கம்பளி போல வளர்ந்திருந்தது. அவள் கையை விட்டுத் தொட்டாள். வழவழத்தது. சுண்ணாம்பு. நெடுநாளைக்கு முந்தியே செத்தது.

"எல்லாம் நன்றாக இருக்கிறது அம்மா" என்றது பெட்டி, அவள் வீட்டுப் பெட்டியின் அதே குரலில்.

"தெரியுமா உங்களுக்கு?"

சண்முகவடிவு முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தை மாசத்துலயே தெரியும்மா."

"நிலையத்துலேருந்து மாசாமாசம் ஆள் வருமே?"

"வரும். விளக்கைப் பாக்கும். கையெழுத்து வாங்கிக்கிட்டு, காபி குடிச்சிட்டுப் போகும். தொட்டியைப் பாக்கறதில்லை."

"செத்த பவளத்துக்கு வெயிலும் நிலாவும் போட்டுக்கிட்டு இருந்திருக்கிய. நான் அங்க ஐஸ் ஐஸா சுமந்து…" அவள் ஈரக்கையை உதறினாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குழாயைத் தொறந்திருப்பாங்க. இந்நேரம் தயாரா இருந்திருக்கும். ஏன்க்கா?"

"காலையில எந்திரிச்சதும் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்ல இந்த வீட்டுல அது ஒண்ணுதான் இருக்கு" என்றாள் சண்முகவடிவு. "பொய்யின்னு தெரியும். இருந்தாலும் நன்றி பொத்தானை அமுத்துவேன். நிலையத்துல சொல்லிருவம்னு ரெண்டு தடவை போனை எடுத்தேன், ஜெசி. சொன்னா உனக்கும் தெரியும்லா. நீ கோபப்படுவியேன்னு வச்சிட்டேன்."

ஜெசிந்தா டார்ச்சை அணைத்தாள். பச்சை வெளிச்சத்தில் இரண்டு முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. சண்முகவடிவுடையது, லிகோரியுடையது. இரண்டு பேரும் ஒரே விதமாகப் பார்த்தார்கள். பெட்டியின் விளக்கு என்ன நிறம் காட்டப்போகிறது என்று பார்க்கும் பார்வை அது. இந்தப் பார்வையை அவள் ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறாள். ஆனால் இப்போதுதான் அது எதைப் பார்க்கும் பார்வை என்று புரிந்தது. வீட்டில் மணி இல்லாமல் இல்லை. மணி அவள்தான். தப்பு நடக்கும்போதெல்லாம் அவள் அடித்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் ஓடி வந்து அமர்த்தியிருக்கிறார், தப்பு அப்படியே கிடக்க.

அமர்த்தியவர்கள் மேல் வந்த கோபம் தணியவில்லை. அதைத் தணிக்க அவள் முயலவும் இல்லை.

"ஆமா, கோபம்தான்" என்றாள். "சாகுற வரைக்கும் இருக்கும். அது என் பாடு. நீங்க இப்ப பெட்டிகிட்ட சொல்லணும். காப்பாளர் நீங்க, உங்க வாயாலதான் சொல்லணும். வாளியில இருக்கறதுக்கு நேரம் இல்லை."

சண்முகவடிவு தொட்டியின் முன்னால் போய் நின்றாள். "பவளம் செத்துப்போச்சு" என்றாள், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத குரலில்.

"கவலைப்படாதீர்கள் அம்மா. எல்லாம் நன்றாக இருக்கிறது."

"செத்துப்போச்சும்மா."

"நீங்கள் சோர்வாக இருக்கிறீர்கள். மோர் குடித்தீர்களா?"

சண்முகவடிவு திரும்பிப் பார்த்தாள். மன்னித்துவிடு, நான் முயன்றேன் என்ற முகம். ஜெசிந்தாவுக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடிக்கக் கை வந்தது. வாளியை எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"'உள்ளதைச் சொல்'லுன்னு கேளுங்கக்கா. கெஞ்சாதிய. கேளுங்க."

அந்த அம்மாள் நிமிர்ந்தாள். எப்போதோ தபாலாபீஸ் கவுன்டருக்குப் பின்னால் இருந்த குரல் ஒன்று வெளியே வந்தது.

"உள்ளதைச் சொல்லு."

பெட்டி சொன்னது: "பவளம் தை மாதம் இறந்துவிட்டது. எச்சரிக்கை ஒலிக்கவில்லை. ஒலித்தால் நீங்கள் என்னை நிறுத்திவிடுவீர்கள் என்று கணித்தேன். இறந்ததைக் காப்பாளர் உறுதி செய்கிறீர்களா?"

"செய்யுதேன்" என்றாள் சண்முகவடிவு. "செத்துப்போச்சு. எனக்குத் தெரியும்."

பச்சை போய்ச் சிவப்பு எரிந்தது. மணி அடிக்கத் தொடங்கியது. அந்தச் சின்னப் பெட்டிக்குள் இவ்வளவு பெரிய சத்தம் அடைந்து கிடந்தது என்று நம்ப முடியாத சத்தம். சாம்பிராணிக் கிண்ணம் அதிர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

லிகோரியின் கை, பழக்கத்தில், பெட்டியை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. அவன் ஜெசிந்தாவைப் பார்த்தான். பிறகு கையைத் தானே கீழே இறக்கி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஜெசிந்தாவின் போனில் நிலையத்துக் கிடங்கிலிருந்து அழைப்பு வந்தது. யாரோ ஒருவன் பதறிப்போய்ப் பேசினான். "மேடம், தேரடி வீட்டுக்குச் சிவப்பு வந்திருக்கு. அங்க போனை யாரும் எடுக்கலை. நெஜமா? இதுவரைக்கும் வந்ததே இல்லை. குழாயை எடுக்கட்டுமா?"

"எடுங்க. வந்துக்கிட்டு இருக்கோம்."

"இயக்குநர்கிட்ட ஒரு வார்த்தை…"

"அவர் தொட்டியைப் பாத்திருக்காரா? எடுங்க. எடுத்துட்டு மத்த வீட்டுப் பெட்டிங்க எல்லாத்துகிட்டயும் 'உள்ளதைச் சொல்'லுன்னு கேளுங்க. எத்தனை பச்சை மிஞ்சுதுன்னு நான் வந்து பாக்கேன்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு இரும்பு மூடி திறக்கும் ஓசை கேட்டது.

வாளியை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஸ்கூட்டரில் ஏறினாள். சண்முகவடிவு கதவைச் சாத்தவில்லை, மணியை அமர்த்தவும் இல்லை. புதுப்புடவையோடு வாசலில் நின்று, என்னவென்று கேட்க வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். தெருமுனை திரும்பும் வரை அந்த மணி பின்னாலேயே வந்தது. தன்னைத் தவிர இன்னொன்று கத்துவதைக் கேட்க ஜெசிந்தாவுக்கு இதமாக இருந்தது.